மீனுக்கும் பந்தயத்துக்கும் ஒரே பட்டை

வண்டி வாங்குகிறவர்கள் எல்லாரும் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பின்பக்கம் உட்கார்ந்துபோன பிறகு என்னிடம் வருகிறார்கள். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் சாலையோரப் பட்டறை ஒன்றில் வண்டிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டுவது என் பிழைப்பு. பகலெல்லாம் லோடு அடிக்கிற வண்டி ராத்திரிதான் படுக்கும் என்பதால் எனக்கும் ராத்திரி வேலை. யாரும் சொல்லித்தரவில்லை. அடியில் மல்லாந்து கிடந்தே கற்றுக்கொண்டேன். அடுத்தவன் வண்டிக்கு அடியில் கிடந்து ஆயுசைக் கழிக்கிறவர்கள் உங்களிலும் உண்டு. நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

இரண்டு வண்டி கேட்டவன்

கூத்தாநல்லூர் நசீர் ஒருநாள் சாயங்கால மக்ரிப் தொழுகை முடித்த கையோடு வந்தான். வளைகுடாவில் தண்ணி லாரி ஓட்டியவன். ஊருக்கே திரும்பிவிடுவது என்று வந்து பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருந்தான். எல்லா வாடிக்கையாளரையும் போல அவனும் பின்பலகையில் ஏறி நாலு குதி குதித்துக் காட்டினான். அப்படிக் குதித்தால் ஒன்றும் தெரியாது. ஆனாலும் குதிக்காமல் யாரும் இறங்கியதில்லை.

மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றினால் பின்பக்கம் உட்காரக் கூடாது. காலியாக நின்று சட்டென்று கிளம்பினால் பின்சக்கரம் துள்ளாமல் ரோட்டைப் பிடிக்க வேண்டும். இதுதான் அவன் கேட்டது. வளைகுடாவில் வெள்ளிக்கிழமை தோறும் பிக்கப்புகளை ஜோடி ஜோடியாக நிறுத்திப் பந்தயம் விடுவார்களாம், வேலியோரம் நின்று பார்த்திருக்கிறானாம். "தம்பி, லோடு தாங்குற பட்டை துள்ளும், துள்ளாத பட்டை லோடு தாங்காது. நீ கேக்குறது ரெண்டு வண்டி" என்றேன்.

"ரெண்டு வண்டி வாங்க வழியிருந்தா நான் ஏண்ணே உங்ககிட்ட வர்றேன்?" என்றான்.

மரைக்காயர் சொல்லாத பதில்

மீன் ஏற்றுகிற வண்டிக்குப் பந்தயம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். முத்துப்பேட்டையில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் மரைக்காயருக்குத் தஞ்சாவூர் மார்க்கெட்டுக்குத் தினமும் ஒரு வண்டி வேண்டும். நசீரும் கேட்டான், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய திருத்துறைப்பூண்டி குமாரும் கேட்டான். இரண்டும் ஒரே மாதிரி பிக்கப். மரைக்காயர் இருவரையும் திறக்காத புறவழிச்சாலையில் ஓட்டச் சொல்லிவிட்டார். முந்துகிற வண்டிக்கு மீன் லோடு.

ஒருநாள் தன் லாரிக்குப் பட்டை மாற்ற வந்த மரைக்காயரிடம், இது என்ன நியாயம் என்று கேட்டேன். தேத்தண்ணீரை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டும் தெரிஞ்ச வீட்டுப் புள்ளைங்க. வேணாம்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா நான் எப்படிச் சொல்றது? வண்டியே சொல்லிட்டுப் போவட்டும்."

மூன்று வழி

நசீரிடம் வழியை எடுத்துச் சொன்னேன். ரெண்டு பட்டையை உருவிவிட்டால் பந்தயத்துக்கு ஆகும், முதல் மீன் லோடிலேயே பின்பக்கம் தரையைத் தேய்க்கும். பட்டையைக் கழற்றிக் கார் மாதிரி சுருள் ஸ்பிரிங் வைத்தால் ரோட்டைப் பிடிக்கும், ஐஸ் பெட்டியோடு வளைவில் ஆடும். மூன்றாவது, பட்டையை முழுசாக விட்டுவிட்டு, அச்சிலிருந்து வண்டிச் சட்டமான சேஸுக்கு இரண்டு பக்கமும் ஒரு கம்பி கொடுப்பது. கிளம்பும்போது அச்சு முறுக்கிக்கொண்டு துள்ளுவதைக் கம்பி பிடித்துக்கொள்ளும். லோடையும் பட்டை தாங்கும்.

நசீர் சுருள் ஸ்பிரிங்கையே சுற்றிச் சுற்றி வந்தான், அங்கே பந்தய வண்டியில் பார்த்ததாம். கூட வந்திருந்த அவன் மனைவி ரஹ்மத் கைப்பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "துள்ளுறது முறுக்குறதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே. இவங்க திரும்பப் பிளேன் ஏறக் கூடாது. அதுக்கு எது தோதோ அதப் போடுங்க."

கம்பியே போட்டேன். ஆளில்லாத செங்கல் சூளை ரோட்டில் கிளப்பிப் பார்த்தோம். ஒரு துள்ளல் இல்லை.

திறக்காத சாலை

நம் பக்கத்தில் புது ரோடு போட்டால் முதலில் ஓடுவது வண்டியில்லை, நெல். அறுப்புக் காலம் வேறு. புறவழிச்சாலை முழுக்கக் காயப்போட்டிருந்தார்கள். பந்தயம் என்று மரைக்காயர் ஆள் முன்கூட்டியே சொல்லியிருந்ததால், விவசாயி சாமிக்கண்ணு மரியாதையாக முதல்நாள் சாயங்காலமே பந்தயம் ஓடும் இடத்திலிருந்த தன் நெல்லைக் கூட்டி இடது ஓரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார். வலதுபக்கம் வெறும் தார். இடதுபக்கம் கூட்டியது போக மிச்சமிருந்த நெல்மணி. அதன்மேல் விடியற்காலைப் பனி. சீட்டுப் போட்டதில் நசீருக்கு விழுந்தது இடதுபக்கம்.

துண்டை வீசினார்கள். வண்டி துள்ளவில்லை. நான் போட்ட கம்பி அச்சை அப்படியே பிடித்தது. சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றியது, காலுக்கடியில் கோலிக்குண்டு கொட்டிவிட்டமாதிரி. ரோட்டைப் பிடித்து அது கிளம்பியபோது குமார் மதகு தாண்டியிருந்தான்.

திரும்ப ஓட விடுங்கள் என்று நான்தான் கேட்டேன். மரைக்காயர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நசீர் இறங்கி, டயர் பள்ளத்தில் சிக்கியிருந்த நெல்லை விரலால் நோண்டி எடுத்துக்கொண்டிருந்தான். சாமிக்கண்ணுக்கு உண்மையிலேயே வருத்தம். என் பக்கத்தில் வந்து கேட்டார்: "கூட்டித்தாங்க அள்ளுனேன். ஒரு கைப்பிடி நெல்லுக்கா இம்மாம்பெரிய வண்டி வழுக்கும்?"

ஜெயித்தவன்

மழைக்கு முன்னால் குமார் பட்டறைக்கு வந்தான். ஐஸ் லோடில் ஓடி ஓடி அவன் வண்டியின் பின்பட்டை முறிந்திருந்தது. நசீர் பிக்கப்பை விற்றுவிட்டு வளைகுடாவுக்கே திரும்பியிருந்தான், அதே தண்ணி லாரிக்கு. குமார் அடியில் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டான்: "தோத்த வண்டில ஏதோ கம்பி போட்டீங்களாமேண்ணே, அருமையான வேலைன்னு சொன்னாங்க. எனக்கும் போட்டுருங்க."

வெள்ளிக்கிழமை

நசீர் ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தான். பின்னால் இன்ஜின் சத்தம். பந்தயம் பார்க்க வந்திருக்கிறானாம், அதே வேலியோரம். ரஹ்மத் நலமா, பிள்ளை நடக்கிறானா என்று நான் கேட்கக் கேட்க அவன் வண்டிகளைப் பற்றியே பேசினான். பட்டை, சுருள், கம்பி எல்லாம் விதவிதமாய்ப் போட்டிருக்கிறார்களாம்.

"இங்க எல்லாம் இருக்குண்ணே," என்றான், "நெல்லு காயப்போட மட்டும் ஆளு இல்ல."

வண்டியின் பின்பக்கத்தைத் தாங்க என்ன போடலாம் என்று இன்றைக்கும் கேட்டு வருகிறார்கள், நானும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி சொல்லி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.