துபாயிலிருந்து நாலு மணி நேரம்

என் கல்யாணத்துக்கு முந்தைய நாள்தான் மாப்பிள்ளை துபாயிலிருந்து வந்து சேர வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் கம்பெனியில் லீவு தரவில்லை. தொண்ணூறுகளின் கடைசி, எங்கள் யார் கையிலும் செல்போன் கிடையாது.

எங்கள் ஊரை ஒட்டிய வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த என் அண்ணன்தான் எல்லாருக்கும் தைரியம் சொன்னார். "துபாய்க்கும் மெட்ராஸுக்கும் மூவாயிரம் கிலோமீட்டர்கூட இருக்காது. நாலு மணி நேரம்தான். டிபன் வேளைக்கு மீனம்பாக்கத்துல இறங்கிடுவாரு. வரவேற்பு சாயந்திரம்தானே?"

விமான நிலையத்துக்குக் காரோடு போயிருந்தவர் மாப்பிள்ளையின் தம்பி. காலையில் அவர் மண்டபத்துக்குப் போன் செய்தார். துபாய் விமானம் வந்துவிட்டதாம். எல்லாரும் வெளியே வந்தாயிற்று, தன் அண்ணனை மட்டும் காணோமாம்.

மண்டபமே குசுகுசுவென்று பேசத் தொடங்கியது. "பொண்ணு புடிக்கலையோ என்னவோ" என்று என் அத்தையே சொன்னது காதில் விழுந்தது. பெண் பார்க்க வந்த அன்று ஒரே ஒரு முறை அவரைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் சிரித்தாரா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் வாசலிலேயே நின்றார்.

உச்சிப் பொழுதுக்கு முன்னால் மறுபடியும் போன் அடித்தது. எடுத்த மாமியார், அழுதுகொண்டே ரிசீவரை என்னிடம் நீட்டினார். "நீயே பேசும்மா."

"நேரா வர்ற பிளைட்ல சீட் கிடைக்கலைங்க," என்றது அந்தக் குரல். "பாம்பேல இருக்கேன். இங்க மூணு மணி நேரத்துல வந்துட்டேன், அடுத்த பிளைட்டுக்குக் காத்திருக்கறதுதான் ஜாஸ்தி. காலைலேந்து உங்க நம்பருக்கு அடிக்கிறேன், என்கேஜ்டாவே இருக்கு."

அவரைத் தேடி நாங்கள்தான் ஊரெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தோம்.

"நீங்க வர்றீங்கதானே?" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"கிளம்புனதுலேந்து வந்துகிட்டேதாங்க இருக்கேன். இங்கேந்து மெட்ராஸ் ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. அப்புறம் நம்ம ஊர் வரைக்கும் கார்தான்."

ரிசீவரை வைத்துவிட்டு எல்லாரிடமும் விஷயத்தைச் சொன்னேன். அவருடைய தம்பி விமான நிலையத்திலிருந்து திரும்ப அழைத்ததும், பம்பாய் விமானம் வரும் பக்கம் போய் நிற்கச் சொன்னோம். அப்பா அன்றைக்கு முதல்முறையாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

சாயந்திரம் மேடையில் நான் மட்டும் உட்கார்ந்து வருகிறவர்களைக் கும்பிட்டேன். "வந்துட்டிருக்காரு" என்று எல்லாரிடமும் சொன்னேன். எனக்கு வெட்கமாகவே இல்லை. விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். சட்டை கசங்கியிருந்தது, வீங்கிய காலிலிருந்து ஷூவைக் கழற்ற இரண்டு பேர் பாடுபட்டார்கள். அவசரமாகக் குளித்து, பட்டு வேட்டி கட்டி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கால் மணி நேரத்தில், அத்தனை பேர் முன்னாலும், உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அண்ணன் எழுப்ப வந்தார்.

"தூங்கட்டும் விடுங்கண்ணா," என்றேன்.