துப்பாக்கிக்குக் கட்டை செதுக்கிய காலம்

தச்சு வேலை செய்கிறவனுக்கு, யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் முடியாது என்று சொல்ல வாய் வராது. பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கட்டில், தொட்டில், கோழிக்கூடு என்று நான் செய்யாத சாமான் இல்லை. கேட்டு வாங்காத வேலை தலையில் விழுந்து முழித்தவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். எனக்கு விழுந்தது இது.

பேப்பரில் சுற்றிய துண்டு

ஆமிக்கும் தமிழ் இயக்கங்களுக்கும் சண்டை நடந்த காலத்தில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு மேலே ஒரு பொலிஸ் காவலரண் போட்டார்கள். அங்கிருந்த சார்ஜன் ஒருநாள் பேப்பரில் சுற்றிய மரத்துண்டு ஒன்றை என் பட்டறையில் வைத்தார். நடுவில் வெடிப்பு; உள்பக்கம் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. "இதே மாதிரி ஒன்னு வேணும் பாஸ்" என்றார் சிங்களத்தில். தச்சனை இங்கே எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடி என்று நினைத்து, "பெட்டியையும் கொண்டாங்க சேர், அளவு பாக்கணும்" என்றேன்.

அவர் தோளிலிருந்த துப்பாக்கியை இறக்கி மேசையில் வைத்தார். விசையை அமுக்க அமுக்க ஒவ்வொரு குண்டாகப் போகிற வகை. விடாமல் சுட்டால் குழல் கொதிக்குமாம். கை வேகாமல் பிடிக்கத்தான் குழலைச் சுற்றி அந்தக் கட்டை. தமிழன் பட்டறையில் துப்பாக்கிச் சாமான்! "யாராவது பாத்து விசாரிச்சா என்னங்க சேர் சொல்றது?" என்று கேட்டேன்.

"விசாரிக்கிற ஆளே நான்தானே பாஸ், என்ன பயம்?"

பளபளப்பு

பலா மரத்தில் செதுக்கி, கண்ணாடி மாதிரி வார்னிஷும் அடித்துக் கொடுத்தேன். அழகாகச் செய்தால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்ற நினைப்பு. அதைப் பண்டார என்ற கான்ஸ்டபிளின் துப்பாக்கியில் மாட்டி, மலைச்சரிவில் சுடும் பயிற்சிக்குப் போனார்கள். குழல் சூடேறியதும் என் வார்னிஷ் கொப்புளித்து, இளகி, அந்தப் பையனின் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. தோலோடுதான் பிய்த்தெடுத்தார்களாம்.

கையில் கட்டோடு அவன் பட்டறை வாசலில் வந்து நின்றபோது அடிதான் விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. வார்னிஷ் இல்லாமல் வெறும் மரமாக இன்னொன்று கேட்டான். "அவ்வளவு சுட்டும் ஏன் தம்பி கைய விடல?" என்றேன்.

"துப்பாக்கியக் கீழ போட்டா தண்டனை பாஸ். கை வெந்தா மருந்து இருக்கு."

பஸ்ஸை மறித்தார்கள்

இதுதான் என் உயிரைப் பாதியாக்கியது. நல்ல காய்ந்த மரமாகப் பார்த்து வாங்க, சார்ஜன் தந்த பழைய துண்டை அளவுக்காகப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சந்தைக்குப் போக என் மனைவி செல்வராணியும் கூட வந்தாள். வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் கைவிட்ட சிப்பாய் கருகின கட்டையை வெளியே எடுத்தான். அது என்னவென்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டடி பின்னால் போய்த் துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான்.

"சார்ஜன் குடுத்தாரு" என்றேன். "பேரு என்ன?" என்றான். சத்தியமாகச் சொல்கிறேன், தினமும் பார்க்கிற மனுஷனின் பெயர் எனக்கு வரவில்லை. செல்வராணிதான் அழுதுகொண்டே சிங்களத்தில் பெயரைச் சொன்னாள். தார் ரோட்டில், உச்சி வெயிலில், தலையில் கை வைத்து என்னை முட்டிபோட வைத்தார்கள். பஸ் போய்விட்டது. அவள் மட்டும் போகவில்லை. செய்தி எட்டி, சாயங்காலம் சார்ஜன் தோட்டத்து ட்ரக்டரில் வந்து, என்னையும் சிப்பாயையும் சேர்த்துத் திட்டி மீட்டுக்கொண்டு போனார். வீடு வந்ததும் செல்வராணி வாசற்படியில் நின்று சொன்னாள்:

"இனிமே சவப்பெட்டி செய்ங்க. அத யாரும் ஒங்க பையில தேட மாட்டாங்க."

கருகின வாசம்

எங்கோ தூரத்தில் குண்டு வெடித்த செய்தி வந்த மறுநாள், பொழுது சாயும் நேரத்தில், பக்கத்துச் சிங்கள ஊரிலிருந்து ஒரு கூட்டம் பந்தங்களோடு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் கீழ் லயத்துக்கு வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் ஓடிப் படுத்துக்கொண்டோம். செல்வராணி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தாள். கடைசி இரண்டு வீடுகள் எரிவது தெரிந்தது. அப்புறம் வெடிச்சத்தம், ஒவ்வொன்றாக, விடாமல். எங்களைத்தான் சுடுகிறார்கள் என்று நினைத்தோம்.

விடிந்து போய்ப் பார்த்தால், லயத்துக்குப் போகும் பாலத்தில் பண்டார நின்றுகொண்டிருந்தான். சார்ஜன் ஊரில் இல்லை. தனியாளாக வானத்தைப் பார்த்துச் சுட்டுச் சுட்டே கூட்டத்தைத் திருப்பியிருக்கிறான். வார்னிஷ் இல்லாமல் அவனுக்குச் செதுக்கிக் கொடுத்திருந்த என் இரண்டாவது கட்டை உள்ளேயிருந்து தீய்ந்து இன்னும் புகை வாசம் அடித்தது. அதே கையில் திரும்பவும் கொப்புளம். அவன் இனத்துக்காரர்களே அவனைத் துரோகி என்று கத்தினார்களாம். நான் காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிமிர்த்தினான்.

"கும்புடுறத விடு பாஸ். கட்டையச் செஞ்சு குடு. இன்னைக்கும் வருவானுங்க."

அன்றைக்கு யாரும் வரவில்லை. அவசரத்தில் கோணல்மாணலாகச் செதுக்கிக் கொடுத்த அந்தக் கட்டை அதற்கப்புறம் ஒருநாளும் சூடேறவில்லை என்பதுதான் என் தொழிலுக்கு இதுவரை கிடைத்த ஒரே நற்சான்றிதழ்.