மிக முக்கியம் என்று எழுதி ஒட்டிய பெட்டி

என்ன வேலை செய்கிறீர் என்று மாமியார் கலியாணப் பேச்சின்போதே கேட்டார். கொம்பியூட்டர் நிரல்கள் நிற்காமல் ஓடுவதற்கு வழி பண்ணுவது என்று சொன்னேன். "அப்ப மோட்டர் திருத்துறனீங்களோ?" என்றார். இல்லை என்று விளங்கப்படுத்தி இத்தனை வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டர் நின்றால் எனக்குத்தான் அழைப்பு வரும். திருத்தியும் கொடுத்திருக்கிறேன்.

கிளிநொச்சியில் பால் சேர்க்கும் சங்கம் ஒன்றுக்கு நான் செய்து கொடுத்த நிரலின் கதை இது. ஊர்களில் இருக்கும் சேகரிப்பு நிலையங்களுக்குப் பின்னேரங்களில் ஆட்கள் பால் கொண்டு வருவார்கள். கருவி பாலைச் சோதிக்கும். அந்த அளவை என் நிரல் வாங்கி, சரி என்று சொன்னால்தான் பவுசர், அதாவது தாங்கி பூட்டிய லொறி, பாலை ஏற்றும். சொல்லாவிட்டால் ஏற்றாது. குளிரூட்டும் நிலையத்தின் சட்டம் அப்படி. வன்னி வெயிலில் பால் ஒருவருக்காகவும் காத்திருக்காது. ஆகவே என் நிரல் பின்னேரங்களில் கண் மூடக்கூடாது.

இதற்கு உலகம் முழுக்க ஒரே வைத்தியம்தான். ஒன்றுக்கு இரண்டாக வைப்பது. சங்க அலுவலகத்தில் நிரல் ஓடும் ஒரு சின்னக் கொம்பியூட்டர்ப் பெட்டி, தூரத்தில் இன்னொரு பெட்டி. இரண்டும் "இருக்கிறியோ?" என்று ஓயாமல் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்கும். பதில் வராவிட்டால் மற்றது கேள்வி கேட்காமல் முழு வேலையையும் தன் தலையில் எடுத்துக்கொள்ளும். இப்படி ஒரு சகோதரம் எனக்கு வாய்க்கவில்லை.

இரண்டாவது பெட்டியை ஜெயபுரம் நிலையத்தில் வைத்தேன். அங்கே சோலர் கரண்ட் இருந்தது. அதைவிட முக்கியமான காரணம், அந்த நிலையத்தை நடத்திய அக்கா. பால் குறைவு என்று சங்கம் அந்த நிலையத்தை மூட யோசித்துக்கொண்டிருந்தது. மூடினால் அந்தப் பக்கத்துச் சனம் பாலைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் அடுத்த நிலையம் வரைக்கும் உழக்க வேண்டும். அக்காவுக்கு வேலையும் போகும். "மூடினா மாட்டை வித்துப்போட்டு வீட்டில குந்தியிருக்க வேண்டியதுதான், தம்பி," என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பெட்டி அங்கே இருந்தால் நிலையத்தை மூடத் தயங்குவார்கள் என்று கணக்குப் போட்டேன். சங்கத் தலைவர் மண்டைக்காய், என் கணக்கு அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "சரி, வையும். பெட்டி ஒருக்கா நிண்டாலும் பெட்டியும் திரும்பி வரும், நிலையமும் மூடுபடும்," என்றார்.

யாராவது தவறுதலாகப் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணிக் கேத்திலைக் கொழுவிவிடுவார்கள் என்ற பயத்தில் இரண்டு பெட்டிகளிலும் சிவப்பு எழுத்தில் அடித்து ஒட்டினேன்: மிக முக்கியம். வேறொன்றும் எழுதவில்லை. அழகாகத்தான் இருந்தது.

சித்திரை மாதம். பின்னேரம் வானம் இருட்டி முதல் இடி இடித்தது. எங்கள் பக்கத்தில் இடி இடித்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் இருக்கிற பிளக் எல்லாம் சுவரை விட்டு வெளியே வரும். டீவி, பிறிட்ஜ், போன் சார்ஜர், ஒன்றும் மிஞ்சாது. சங்க அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அண்ணர் எழும்பிப் போய் முதலாவதாக என் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார்.

நான் வீட்டில் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளிநொச்சி சிவப்பானது. அடுத்த கணமே ஜெயபுரம் பச்சையாகி வேலையைக் கையில் எடுத்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது எனக்கு. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ம்," என்றுவிட்டுக் கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்க ஓடினாள்.

மழை மேற்கே நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஜெயபுரமும் சிவப்பானது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலில் கணக்கு அண்ணருக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, உடன பிளக்கைப் போடுங்கோ!"

"இடி நிக்கட்டும் தம்பி."

"உங்களுக்கு விசரே? எதைக் கழட்டிறது, எதைக் கழட்டக் கூடாது எண்டு தெரியாதோ?" என்று கத்தினேன். கத்திக்கொண்டு கையைப் பார்த்தால் என் மடிக்கணினியின் வயர் கையில் இருக்கிறது. எப்போது கழற்றினேன் என்று சத்தியமாகத் தெரியாது. அதற்குப் பிறகு அண்ணரோடு கொஞ்சம் மரியாதையாகக் கதைத்தேன்.

அடுத்தது அக்கா.

"அக்கா, பெட்டிக்கு என்ன நடந்தது?"

"பயப்பிடாதேங்கோ தம்பி, பத்திரமா இருக்கு. உரம் வந்த பாக்கில சுத்தி, சைக்கிள் கரியரில கட்டி வீட்ட கொண்டந்து அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டன்."

"ஐயோ! ஏன் தூக்கினனீங்கள்?"

"நீங்கள்தானே முக்கியம் எண்டு எழுதி ஒட்டினனீங்கள்? முக்கியமானதை விட்டிட்டு மேசையையோ தூக்கிறது?"

 போர் கண்ட இந்த மண்ணில் சத்தம் கேட்டால் சனம் முதலில் முக்கியமானதைத் தூக்கும், பிறகுதான் மற்றதை யோசிக்கும். நானும் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். ஒட்டும்போது அது என் மண்டையில் ஏறவில்லை.

பவுசருக்கு முதல் நிறுத்தம் ஜெயபுரம். பெட்டி இரண்டும் செத்துக் கிடக்க, சாரதி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பால் ஏற்றாமலே போய்விட்டார். அவர் அடுத்த நிலையத்துக்குப் போவதற்குள் கிளிநொச்சியில் இடி நின்று, அண்ணர் பிளக்கைப் போட்டுவிட்டார். மற்ற எல்லோருடைய பாலும் போனது. அக்காவின் பால் கான்கள் மட்டும் மழைக்குள் நின்று புளித்தன.

அடுத்த நாள் கூட்டத்தில் தலைவர், "சொன்னது சொன்னதுதான். மூடுவம்," என்றார்.

"ஐயா, நேற்று இடி இடிக்கேக்க நீங்கள் வீட்டிலதானே?"

"ஓம்."

"என்னத்தை முதல் கழட்டினனீங்கள்?"

"டீவியை."

"ஏன் டீவி?"

"அதுதானே விலை கூடினது," என்றவர், நான் எங்கே வருகிறேன் என்று விளங்கி என்னை முறைத்தார். கணக்கு அண்ணர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரே ஒருக்கா," என்றார் தலைவர். "திரும்ப நிண்டா இந்தப் பக்கம் கதைக்க வரக்கூடாது."

கழற்றாதே என்று சனத்துக்குச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. ஆகவே கழற்றினாலும் ஓடும் பெட்டி ஒன்று செய்தேன். உள்ளேயே பற்றரி, உள்ளேயே சிம். சுவரும் வேண்டாம், வயரும் வேண்டாம். ஜெயபுரத்துக்குக் கொண்டுபோய் வைத்து, "அக்கா, இடி இடிச்சா தாராளமாத் தூக்குங்கோ. ஓடிக்கொண்டே வேலை செய்யும்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அடுத்த இடி வர அதிக நாள் எடுக்கவில்லை. அண்ணர் வழமைபோலக் கழற்றினார். கிளிநொச்சி சிவப்பு, ஜெயபுரம் பச்சை. பிறகு ஜெயபுரத்தின் பிளக்கும் போனது. பச்சை மாறவில்லை. உரபாக்கில் சுற்றப்பட்டு, சைக்கிள் கரியரில், மழைக்குள் ஒழுங்கையால் போய்க்கொண்டே அந்தப் பெட்டி எல்லா ஊர்ப் பாலுக்கும் சரி சொன்னது. பவுசர் வந்தது, ஏற்றியது, போனது. நான் கதிரையில் இருந்தபடி அழுதுவிட்டேன். மனைவி இந்த முறையும் "ம்" என்றுதான் சொன்னாள், ஆனால் பிளேன்ரீ ஊற்றிக் கொண்டுவந்து தந்தாள்.

நிலையம் மூடப்படாது என்று தலைவர் சொன்னதும் நானே நேரில் போய் அக்காவிடம் சொன்னேன்.

"உண்மையாவோ? மூடேல்லையோ?"

"மூடேல்லை அக்கா."

அவர் திரும்பி நின்று கான் மூடிகளைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த மூடிகள். பிறகு பெட்டியைக் காட்டி, "இது கரண்ட் இல்லாமல் எவ்வளவு நேரம் நிக்கும் தம்பி?" என்று கேட்டார்.

"ஆறு மணித்தியாலம். அதுக்குள்ள எப்பிடியும் திரும்பக் கொண்டந்து கொழுவிடலாம்தானே."

"ம்ம். சண்டைக்குள்ள வீட்டை விட்டு வெளிக்கிடேக்க நாங்களும் மூண்டு நாளில திரும்பிடலாம் எண்டுதான் நினைச்சனாங்கள். அரிசியும் அந்தளவுக்குத்தான் எடுத்தது." மூடியைக் கானில் வைத்து அழுத்தினார். "இதைவிடப் பெரிய பற்றரி இருக்கோ?"

"இருக்கு."

"அதைப் போட்டுவிடுங்கோ."

தலைவருக்குப் போன் எடுத்து, ஜெயபுரத்துக்குப் பெரிய பற்றரி வேண்டும் என்றேன். ஆறு மணித்தியாலம் போதும் என்று நீர்தானே சொன்னீர் என்று சீறினார். அக்கா சொன்ன மூன்று நாள் கதையைச் சொன்னேன். விலை என்னவென்றுகூட அவர் கேட்கவில்லை. "எடும்," என்றார். அவரும் மூன்று நாளுக்கு அரிசி எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டவர்தான்.