எனக்கு முன்னம் பென்ஷன் எடுத்தவன்

டென்மார்க்கின் பிராண்டே நகரில் காற்றாலை இறக்கைகள் செய்யும் தொழிற்சாலைக்கு நான் இன்னமும் விடிய எழுந்து ஓடிக்கொண்டிருக்கிறேன். நான் கிட்டப் போகப் போக, பென்ஷன் வயதை இந்த நாட்டு அரசாங்கம் தள்ளி வைத்துக்கொண்டே போகிறது. இந்த லட்சணத்தில், முப்பது வயது நிரம்பாத என் மகன் போன வசந்தத்தில் தொலைபேசி எடுத்து, தான் பென்ஷன் எடுக்கப் போவதாகச் சொன்னான்.

அவனுடைய தொழில் போக்கர். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கோபன்ஹேகனில் ஒரு அறையில் இருந்து கணினியிலும், பிறகு ஊர் ஊராகப் பறந்து போட்டிகளிலும் சீட்டு விளையாடி உழைத்தான். யாராவது கேட்டால், மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று நானும் மனைவியும் சொல்லுவோம். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

"காசு காணுமோடா? இன்னும் அறுபது வருஷம் இருந்து சாப்பிட வேணுமே!" என்று கேட்டேன்.

"ஹோர்சன்ஸில ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறன் அப்பா. மிச்சத்தைப் பங்குகளில போட்டிருக்கிறன். பெரிய கார், பெரிய வீடு எண்டு ஆசைப்படாட்டிக் காணும்."

காசு போதும் என்ற கணக்கு எனக்கு விளங்கியது. அவன் கணக்கில் புலி. என் பயம் வேறு. சூதாட்ட மேசையை விட்டு எழும்பினேன் என்று சொன்னவர்கள் எத்தனை பேர் திரும்பிப் போய் அதே கதிரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்! என் பிள்ளை எழும்பியவன் எழும்பியவனாகவே இருப்பானா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை அவனிடம் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் சண்டையில் முடியும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எப்போதும் அப்படித்தான் முடிந்தது.

மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த நாளே தன் சிநேகிதிக்குத் தொலைபேசி எடுத்து, "இவன் நேரத்தோடையே பென்ஷன் எடுத்திட்டான்" என்று சொல்லிவிட்டாள். வேறு நாடென்றால் அந்தச் சொல்லில் ஒரு குறையும் இல்லை. டென்மார்க்கில் உரிய வயதுக்கு முன் பென்ஷன் என்றால் அர்த்தமே வேறு. இனி எந்த வேலைக்கும் இந்த உடம்பு உதவாது என்று கொம்யூன், அதாவது நகரசபை, ஒத்துக்கொண்ட நோயாளிக்குத்தான் அது கிடைக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் அந்தச் சிநேகிதி புருஷனோடு வந்து இறங்கினாள். கையில் ஒரு பானை நிறைய ஆட்டுக்கால் சூப். புருஷன் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்து முதுகு போய், மெய்யாகவே அந்தப் பென்ஷன் எடுப்பவர். இரண்டு பேருடைய முகமும் செத்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

"அண்ணை, எனக்குத் தர எத்தினை வருஷம் இழுத்தடிச்சவங்கள்! இந்த வயசிலை தம்பிக்கு இவ்வளவு கெதியாக் குடுத்திருக்கிறாங்கள் எண்டால்..." என்று அவர் மிச்சத்தைச் சொல்லாமல் என் தோளைப் பிடித்தார்.

பிள்ளைக்குத் தீராத நோய் என்று நினைத்து வந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். மனைவி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"இஞ்சருங்கோ, பேசாமல் இருங்கோ. சூதாடி எண்டு சொல்லுறதிலும் பார்க்க வருத்தக்காரன் எண்டு நினைச்சுப் போட்டுப் போகட்டும்."

"உனக்கு விசரோ? நாளைக்கு இவனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்?"

நாங்கள் இப்படிக் குசுகுசுத்துக்கொண்டிருக்க, ஹோர்சன்ஸில் தன் வாடகை வீட்டைப் பார்த்துவிட்டுக் காரில் வந்த மகன் நேராக அவர்கள் இருந்த வரவேற்பறைக்குள் போய்விட்டான். சிநேகிதி அவனைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினாள். அவன் விழித்தான். விஷயம் விளங்கியதும் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. இருவருக்கும் முன்னால் உட்கார்ந்து, தன் அரைகுறைத் தமிழில் சொன்னான்.

"எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லை மாமி. நான் போக்கர் விளையாடித்தான் இவ்வளவு நாளும் உழைச்சனான். காசு வெண்டனான். இப்ப விட்டிட்டன்."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கோ நெஞ்சு நிமிர்ந்தது. நாங்கள் இத்தனை வருஷம் மென்று விழுங்கிய சொல்லை அவன் நாலு வசனத்தில் துப்பிவிட்டான். சிநேகிதி கண்ணைத் துடைத்துவிட்டு, "அப்ப என்ரை ஆட்டுக்கால்?" என்றாள். அவள் புருஷன் முதுகு நோவையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் கேட்டதுதான் எனக்கு இடியாக இருந்தது.

"அப்ப தம்பி கடதாசியிலை கெட்டிக்காரன். வாரும், முந்நூற்றி நாலு விளையாடுவம்!"

முந்நூற்று நாலு எங்கள் யாழ்ப்பாணத்துச் சீட்டாட்டம். சீட்டை நாங்கள் கடதாசி என்போம். காசு வைப்பதில்லை. இரண்டு பேர் ஒரு சோடி, சோடிக்காரர் எதிரெதிரே உட்கார வேண்டும். இருந்தாலும் சீட்டு சீட்டுத்தானே. வேண்டாம் என்று நான் சொல்லுமுன் மகன் எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டுவிட்டான். நண்பரும் அவர் மனைவியும் மற்றச் சோடி.

நாங்கள் தோற்றோம். படுதோல்வி. உலகம் சுற்றி விளையாடிய என் புலி, நான் போட்ட பெரிய தாள் வெல்லப்போகிற நேரம் பார்த்து, அதைத் துரும்பால் வெட்டினான். அதுவும் என் முகத்தையே உறுத்துப் பார்த்தபடி, எதிரியைப் பார்ப்பது போல.

"டேய்! ஏன்டா என்ரை கடதாசியை வெட்டுறாய்? நான் உன்ரை பக்கமடா!" என்று கத்தினேன்.

"சோடியோடை கதைக்கக்கூடாது! அளாப்பல்! கள்ளாட்டம்!" என்று நண்பர் மேசையில் தட்டினார்.

மகன் தாள்களைக் கீழே வைத்தான். "பழக்கமில்லை அப்பா. இவ்வளவு நாளும் எனக்கு முன்னாலை இருந்த ஒருத்தரும் என்ரை பக்கமில்லை."

அவன் வென்ற காசைப் பற்றி எத்தனை தரம் விசாரித்திருக்கிறேன். அங்கே இருந்து விளையாடுவது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. பாவம் பிள்ளை என்று முதல் தடவையாகப் பட்டது. அதற்குப் பிறகு அவன் என் தாளை வெட்டவில்லை. அடுத்த ஆட்டத்தில் கொஞ்சம் முன்னேறினோம், பிறகு திரும்பத் தோற்றோம். நண்பர் மீசையைத் தடவினார். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னும் ஒண்டு போடுவம். இதைக் கட்டாயம் பிடிக்கலாம்" என்றேன்.

"காணும் அப்பா" என்றான் மகன்.

"என்ன காணும்? தோத்துப்போட்டு எழும்புறதோ? ஒரே ஒரு கை!"

"மேசையிலை தோக்கிற எல்லாரும் இப்பிடித்தான் கேக்கிறவை" என்று சொல்லிக் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். "மாமியின்ரை சூப் ஆறப்போகுது."

நான் மட்டும் தாள்களைக் கையில் பிடித்தபடி இருந்தேன். அவன் குசினிக்குள் கோப்பைகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. மேசைப் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.