வாசலைப் பார்த்து வைத்த ஆம்ப்ளிஃபயர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை, திருமழிசையில் நடந்தது இது. நாங்கள் அப்போதும் இப்போதும் அம்பத்தூர்வாசிகள். நான் பள்ளி ஆசிரியை. கணவருக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. ஒரே பையன். டிப்ளமா முடித்துவிட்டு, அப்பா சொன்ன கம்பெனி எதற்கும் போகாமல் கிடாரும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு அம்மன் கோவில் திருவிழாதான். காலையில் கூழ் வார்த்தால் சாயங்காலம் மெல்லிசைக் கச்சேரி. ஒரு குழுவில் இவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் இருக்க வேண்டுமாம். கிடைக்கவில்லை என்றால் பெங்களூருக்குப் போகிறேன் என்றான். அங்கே ஓட்டலில் வாசிக்கும் நண்பன் ஒருவன் இவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிள்ளை வீட்டை விட்டுப் போவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதனால் ஆம்ப்ளிஃபயர் வாங்குவதில் அவனைவிட எனக்குத்தான் அவசரம். கணவர், "நீயாச்சு, உன் பிள்ளையாச்சு" என்று ஒதுங்கிக்கொண்டார்.

புதிது வாங்க வழியில்லை. பழையது என்றால் எனக்குப் பயம். முந்தின வருடக் கச்சேரி ஒன்றில், கிடார் வாசித்த பையன் மைக்கைத் தொட்டதும் ஷாக் அடித்து விழுந்ததை நேரில் பார்த்திருந்தேன். பிழைத்துக்கொண்டான். என் மனதிலிருந்து மட்டும் அது போகவில்லை. அதனால் எந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்க்கப் போனாலும் கைப்பையில் ஒரு டெஸ்டரை எடுத்துக்கொண்டு நானும் கூடவே போவேன். "சாக்பீஸும் டெஸ்டரும் வெச்சிருக்கிற ஒரே டீச்சர் நீதாம்மா" என்று கேலி செய்வான்.

ஆவடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர்தான் திருமழிசை விலாசத்தைக் கொடுத்தார். கொடுக்கும்போது லேசாகச் சிரித்தார். "நல்ல பொருள் நைனா. வாசிச்சிப் பாக்க உடுவாரு. குடுப்பாரான்னு கேட்டா, அது எனக்குத் தெரியாது" என்றார். விலையில் கறாரான ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பூந்தமல்லியில் இறங்கி வேறு பஸ் மாறினோம். வழியெல்லாம் பையன் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தான். இது ஹைபிரிட் வகையாம். முன்பக்கம் வால்வு, பின்பக்கம் டிரான்சிஸ்டர். பழைய ரேடியோவுக்குள் கண்ணாடிக் குமிழ் ஒன்று செம்மஞ்சளாகக் கனியுமே, அதுதான் வால்வு. சத்தத்துக்கு இனிமை தருவது அது. பலம் தருவது டிரான்சிஸ்டர். வால்வு கெடுவதாக இருந்தால் முனகிக் காட்டிவிட்டுக் கெடும். டிரான்சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் ஒரே அடியாகப் போய்விடும். பழசை வாங்குகிறவன் இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்றான். அவன் பள்ளிக்கூடப் பாடம் எதையும் இத்தனை அக்கறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

தொழிற்பேட்டைக் கூரைகளைத் தாண்டிய பழைய தெரு ஒன்றில் வீடு. நாங்கள் போனபோது ஓர் அம்மாள் பக்கச் சுவரோரம் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அங்கே செடி ஒன்றும் இல்லை. வெறும் மண்ணில் ஓர் இரும்புக் குழாயின் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரருக்கு அறுபது வயதுக்குள்தான் இருக்கும். பேட்டையில் ஏதோ பட்டறையில் வேலை. உள்ளேயிருந்து ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிவந்து கூடத்தில் வைக்காமல், வாசற்படியை ஒட்டி, தெருவைப் பார்த்து வைத்தார். மேலே போர்த்தியிருந்த பழைய புடவையை மெதுவாக எடுத்து மடித்தார்.

சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. பையன் தந்தியை மீட்டினான். சத்தமே இல்லை. மறுபடி மீட்டினான். இல்லை. இவ்வளவு தூரம் வந்தது வீண் என்று நான் எழுந்துவிட்டேன். அவர் பதறவில்லை. "குந்தும்மா. வால்வு சூடாவணும். வரும்" என்றார். சொன்னபடியே வந்தது. தூரத்துத் தெருவிலிருந்து நடந்து வருவதுபோல முதலில் மெலிதாக, பிறகு கூடம் நிறைய.

பையன் ஒவ்வொன்றாகச் சோதித்தான். திருகுகளைத் திருகி, கரகரக்கிறதா என்று பார்த்தான். விரல் முட்டியால் பெட்டியைத் தட்டினான். ஒரே சுரத்தை அடித்து, அது எப்படி அடங்குகிறது என்று கண்ணை மூடிக் கேட்டான். நான் என் பங்குக்கு டெஸ்டரை எடுத்துப் பெட்டியின் இரும்பில் வைத்தேன். எரியவில்லை. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "எரியாதும்மா. எர்த்து அப்பிடிப் போட்டுக் கீது" என்றார்.

எனக்கு விசித்திரமாகப் பட்டது வேறொன்று. விற்கிறவர் தன் பொருளின் குறைகளைத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் கரகரக்கும், ரொம்பப் பழசு, தூக்கிப் போக ரொம்பக் கனம் என்று. அதே வாயால், இன்னும் கொஞ்சம் வாசி நைனா, இன்னும் கொஞ்சம் வாசி என்றார். அவன் வாசிக்கும்போது அவர் அங்கே நின்று கேட்கவும் இல்லை. தெருவில் இறங்கி நின்றுகொண்டார்.

பையன் என்னிடம் குனிந்து, வாசலைப் பார்த்து வைத்தால் இரைச்சல் தெரியாது, நெடுஞ்சாலை லாரிச் சத்தத்தில் கரைந்துவிடும், கதவைச் சாத்திவிட்டுக் கேட்க வேண்டும் என்றான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாகத் தோன்றியது. பழைய சாமான் விற்கிறவரின் தந்திரம். பெட்டியை உள்பக்கம் திருப்பச் சொன்னேன். எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

கூடம் இருண்டது. அவன் தந்திகளை உள்ளங்கையால் அடக்கி, சத்தத்தை முழுக்க ஏற்றினான். மூச்சு விடுவதுபோல ஒரு மெல்லிய சீறல், வேறொன்றும் இல்லை. "சுத்தமா இருக்கும்மா. இவ்வளவு சுத்தமா நான் கேட்டதே இல்ல" என்றான். அப்போது கதவை இரண்டு கைகளாலும் அடிக்கும் சத்தம் கேட்டது.

திறந்தேன். அந்த முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. கோபமாக இருந்திருந்தால் மறந்திருப்பேன். தண்ணீருக்குள் இறங்கிய பிள்ளை வெகுநேரமாக மேலே வரவில்லை என்றால் கரையில் நிற்கிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "கதவ சாத்தாதம்மா. இன்னா வோணும்னாலும் சோதிச்சிக்கோ. கதவ மட்டும் சாத்தாத" என்றார். தானே குனிந்து பெட்டியை மறுபடி தெருப்பக்கம் திருப்பினார்.

அந்த அம்மாள் என்னைத் தண்ணீர் குடிக்கக் கூப்பிடுவதுபோலப் பக்கச் சுவருக்கு அழைத்துப்போனாள். அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னாள். அவர்களுக்கும் ஒரே மகன். கிடார் வாசிப்பான். கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து இந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்ததே அப்பாதான். வெறுங்காலோடு நின்று வாசிக்கிறானே, ஷாக் அடித்துவிடக் கூடாதே என்று இந்தக் குழியைத் தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, குழாய் இறக்கி எர்த் போட்டதும் அவர்தான். பிறகு ஒருநாள் வேலைக்குப் போகச் சொல்லி வாய்ச்சண்டை. பையன் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். பெட்டி கனம் என்பதால் விட்டுப் போனான். பம்பாய் என்று யாரோ சொன்னார்கள். வருடங்கள் ஆகிவிட்டன, ஒரு தகவலும் இல்லை. பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்தில் அவன் மாதிரி ஒருவனைப் பார்த்தேன் என்று யாரோ சொல்லப் போக, அன்றிலிருந்து இவருக்கு ஒரே நினைப்பு. இந்தப் பக்கம் எப்போதாவது வருவான், இந்தச் சத்தம் காதில் விழுந்தால் தன் பெட்டி என்று தெரிந்துகொண்டு நிற்பான் என்று.

வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் விற்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறார். யாராவது கிடாரோடு வருவார்கள், வாசிப்பார்கள். கடைசியில் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்.

"ஒவ்வொருத்தரா வந்து வாசிக்கிறப்ப அவரு தெருவுல போய் நிக்கிறாரு. நான் அடுப்ப அணைச்சிட்டு இங்க வந்து நிக்கிறேன். இனிமே என்னால ஆவாதும்மா. இந்த தபா கண்டிசனா குடுத்துடணும்னு வாக்கு வாங்கிக்கினேன். நீ எடுத்துகினு போயிடு" என்றாள். கோடைக்கு மண் காய்ந்தால் எர்த் பிடிக்காதாம். அதனால் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது மட்டும் அவள் வேலை. அதைச் சொல்லும்போது காலால் அந்த ஈரமண்ணை மிதித்துச் சமன்படுத்தினாள்.

நான் திரும்பி வந்தபோது வாசிப்பு நின்றிருந்தது. அவர் படியில் உட்கார்ந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "புடிச்சிருந்தா எடுத்துகினு போங்க. ஊட்டுல வாக்கு குடுத்துக் கீறேன்."

என் கை கைப்பையின் ஜிப்பில் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்தப் பெட்டி வேண்டியிருந்தது. அந்த அம்மாளே எடுத்துக்கொண்டு போ என்கிறாள். அது வீட்டுக்கு வந்தால் ஆடிக் கச்சேரிகள் வரும், என் பிள்ளை என்னோடு இருப்பான். அவரைப் பார்த்தேன். ஜிப்பைத் திறக்கவும் முடியவில்லை, கையை எடுக்கவும் முடியவில்லை.

பையன் சுவிட்சை அணைத்தான். விளக்கு உடனே அணைந்தது. கடைசியாக அடித்த சுரம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து, மெலிந்து, போனது. அவன் எழுந்து நின்று சொன்னான்: "வேணாம் சார். வால்வு வீக்கா இருக்கு. ஹம்னு இரைச்சல் வேற வருது. கச்சேரிக்குத் தாங்காது."

சற்று முன்புதான் இவ்வளவு சுத்தமாகக் கேட்டதே இல்லை என்று சொன்னவன்.

அவர் நிமிர்ந்தார். "நான்தான் சொன்னனே நைனா, மழைக்குக் கரகரன்னும்னு" என்றார். தன் பொருள் மட்டம் என்று ஒருவன் சொன்னதற்கு ஒரு மனிதர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த அம்மாள் கதவோரம் நின்று என் பிள்ளையையே வெகுநேரம் பார்த்தாள். அது கோபமா நன்றியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புடவையை எடுத்துப் போர்த்த வந்தவளை அவன் தடுத்தான். போவதற்கு முன்னால் ஒரே ஒரு பாட்டு, கொஞ்சம் சத்தமாக வாசிக்கட்டுமா என்று கேட்டான். மறுபடி சுவிட்சைப் போட்டு, வால்வு சூடாகும் வரை நாலு பேரும் காத்திருந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று வாசித்தான். தெருவே வெளியே வந்து நின்றது. டெஸ்டரைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை.

பஸ்ஸில் அவன் ஜன்னலைப் பார்த்தபடி வந்தான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான் பக்கச் சுவரோரம் இருந்தபோது அவர் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம், இந்தச் சத்தம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்குமா என்று. அதற்கு மேல் அவன் ஒன்றும் விசாரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "அது மாதிரி டோன் எனக்கு இனிமே கெடைக்காதும்மா" என்றான். செம்பரம்பாக்கம் பக்கமிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. இவன் போய்விடுவான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த ஆடியில் எங்கள் தெருக் கோவிலில் வேறு யாரோ கிடார் வாசித்தார்கள். ஆவணியில் அவன் பெங்களூருக்குக் கிளம்பினான். நான் தடுக்கவில்லை, கிளம்பும்போது அவன் அப்பாவும் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் பார்த்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் எதிர்வீட்டுப் போனுக்குக் கூப்பிடுகிறான், தீபாவளிக்கு வருகிறான். குறை சொல்ல எனக்கு நியாயமே இல்லை. ஆனாலும் சாயங்காலங்களில், அவன் பயிற்சி செய்துவந்த அந்த நேரத்தில், வீடு தாங்க முடியாத அமைதியாக இருக்கிறது.

போன வருடம் காஞ்சிபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பஸ் திருமழிசையில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டேன். லாரிகளின் சத்தம்தான் இருந்தது. அந்தப் பிள்ளை வந்துவிட்டானா, பெட்டி இன்னும் வாசலைப் பார்த்து இருக்கிறதா, எதுவும் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. அந்த மண்ணுக்குத் தினமும் ஒரு குடம் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும் என்பது மட்டும் நிச்சயம் என்று தோன்றியது.

என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அந்த வாசலில்தான் கற்றேன். இருந்தும், பொழுது சாய்ந்து எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தப் போகும்போதெல்லாம், தாழ்ப்பாளில் கையை வைத்தபடி தெருவை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சாத்துகிறேன்.