டாக்டர் சொன்ன ஜீரோவும் நான் சொன்ன ஜீரோவும்

அக்கா நம்மைவிட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிவிட்டது. முதலாம் ஆண்டு திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும், அவருடைய ஒரே தம்பியாக என் வணக்கம். எழுதச் சொன்னவர் அக்காவின் கணவரான மாமாதான். "நல்லதா நாலு வார்த்தை எழுது மாப்ளே" என்றார். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை என்ன, நாலு நோட்டுப் புத்தகமே எழுதலாம். ஆனால் நான் மறைத்து வைத்திருந்த ஒன்றும் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன்.

அக்கா பிறந்தது இதே சிங்கப்பூரில், கேலாங்கில். பிறகு தோ பாயோவில் மூவறை வீடு கிடைத்து அங்கே போனோம். அம்மா இறந்தபோது அக்காவுக்கு வயது பதினான்கு, எனக்கு ஆறு. உயர்நிலை இரண்டோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, என்னைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கு அனுப்பியவர் அவர்தான். என் ஆங்கிலப் பாடத்தில் ஒரு வரி புரியாவிட்டாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் ஏமாற்றினால் மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவார்!

திருமணமாகி மார்சிலிங் போனபின் ஒரு பள்ளிக் கேன்டீனில் கடை எடுத்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். பிள்ளைகள் மட்டுமா, சீன ஆசிரியர்களும் மலாய் ஆசிரியர்களும்கூட "அக்கா, ஒன் மீ கோரெங்" என்றுதான் நூடுல்ஸ் வறுவல் கேட்பார்கள். தட்டில் மிச்சம் வைத்துவிட்டு யாரும் தப்ப முடியாது. "சாப்பிடு லா, காத்துல பறந்துருவே" என்று நிற்க வைத்துச் சாப்பிட வைப்பார். அவர் வாயும் பெரிசு, மனசும் பெரிசு.

ஐம்பது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வருமல்லவா? அக்காவுக்கும் வந்தது. பயமில்லாமல் போனார். கையில் தட்டுப்படும் கட்டி கிடையாது, வலி கிடையாது. மேமோகிராம் படத்தில் மட்டும் தூள் உப்பைத் தூவியதுபோலச் சில வெள்ளைப் புள்ளிகள். ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு சொல்லும் நாளில் மாமாவுக்குப் பஸ் ஓட்டும் வேலை. அக்கா என்னைக் கூப்பிட்டார். "டேய், நீதான் நம்ம வீட்டு இங்கிலீஷ்காரன். கூட வா."

டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். அக்காவின் மார்பைப் படம் போட்டுப் பேசும்போது தம்பிக்காரன் எங்கே பார்ப்பான்? நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். என் காதில் விழுந்தவை இரண்டே: "ஸ்டேஜ் ஜீரோ", "குட் நியூஸ்". இடையில் சொன்னதை மறுபடி கேட்க வெட்கம்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தார்.

"என்னடா சொன்னாங்க?"

"ஜீரோவாம்க்கா. ஜீரோன்னா ஒண்ணுமில்ல. சின்ன ஆபரேஷன், அது மெதுவா செஞ்சுக்கலாம்."

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

'மெதுவா' என்று டாக்டர் சொல்லவே இல்லை. அது நான் சேர்த்தது. அன்று லிட்டில் இந்தியாவுக்குப் போய், கோயிலில் அர்ச்சனை செய்து, ஆளுக்கு இரண்டு தோசை சாப்பிட்டோம். அக்கா மல்லிகை வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டார். அக்கா மகளின் கல்யாண வேலைகள் வேறு இருந்தன. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த தொடர்பு எண் என்னுடையது. அவர்கள் அழைத்தபோதெல்லாம் "கல்யாணம் முடியட்டும்" என்று தேதியைத் தள்ளி வைத்ததும் நான்தான். எட்டு மாதம் போயிற்று.

டாக்டரம்மா அன்று வரைந்தது என்னவென்று பிற்பாடுதான் வாயைத் திறந்து கேட்டேன். மார்புக்குள் பால் வரும் குழாய்கள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் சில செல்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகுகின்றன. குழாய்க்குள்ளேயே அடைந்து கிடக்கும்வரை அதற்கு ஸ்டேஜ் ஜீரோ என்று பெயர். சிலருக்கு அது பல வருடம் அப்படியே கிடக்கும். சிலருக்குச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். யாருக்கு எப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே எடுத்துவிடுவதுதான் நல்லது என்றிருக்கிறார். ஜீரோ என்பது ஒன்றுமில்லை என்பதற்கான எண் இல்லை.

ஆபரேஷன் செய்தபோது ஓரிடத்தில் அது சுவரைத் தாண்டியிருந்தது. அக்குளில் நெறி கட்டுமே, அந்தக் கணுக்களில் ஒன்றிலும் இருந்தது. நான் அழுதேன். அக்கா சமாதானம் சொன்னார். "கொழம்பப் பையில கட்டித் தாபாவ் பண்ணிக் குடுக்குறோம்ல, அந்தப் பை ஓட்டையாகாத வரைக்கும் கவலையில்ல. இது லேசா கசிஞ்சிருக்கு, தொடைச்சிட்டாங்க. போடா, போய் மொகத்தக் கழுவு."

அப்போதும் அது ஆரம்ப நிலைதான் என்றார்கள். கதிர் சிகிச்சையும் தினம் ஒரு மாத்திரையுமாக ஐந்து வருடம் நன்றாகவே இருந்தார். பேரனைத் தூக்கினார், கடையையும் விடவில்லை. பிறகு முதுகு வலித்தது. பெரிய சட்டிகளைத் தூக்கியதால் என்று நினைத்தோம். என்றோ இரத்தத்தில் கலந்து எலும்பில் ஒளிந்திருந்த செல்கள் விழித்துக்கொண்டிருந்தன. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார், கருணையுள்ளவர். வாய்ப்பு அதிகம் இருந்திருக்குமா என்று கேட்டேன். அதற்குத் தலையசைத்தார்.

அக்காவைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், கடைசி மாதங்களில் வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற அக்கா மகளுக்கும், அக்கா என்றே அழைத்து ஊசி போட்ட தாதியருக்கும், கடையை மாறி மாறிப் பார்த்துக்கொண்ட கேன்டீன் தோழிகளுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. கடிதம் வந்தும் போகாமல் இருக்கும் அத்தைகளே, சித்திகளே, தங்கச்சிகளே, தயவுசெய்து போங்கள். கூடப் போகும் ஆண்கள் வெட்கப்படாமல் கேளுங்கள். புரியவில்லை என்றால் மறுபடியும் கேளுங்கள்.

துக்கம் விசாரிக்க வந்தபோது உங்களில் சிலர் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. "கல்யாணம் கல்யாணம்னு ஓடி ஒடம்ப கவனிக்காம விட்டுட்டா, அசட்டையா இருந்துட்டா." உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அக்காவே கேட்டவர்களிடமெல்லாம் "நான்தான் போகாம இருந்துட்டேன்" என்று சொல்லி வைத்திருந்தார். படுக்கையில் இருந்தபோது, எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். என் வாயைப் பொத்தினார்.

"சொல்லாதடா. ஒன்னய வைவாங்க. என்னய வஞ்சா வஞ்சிட்டுப் போறாங்க, நான் கேட்கவா போறேன்? நீ இவங்க மத்தியில இருக்கணும்ல."

ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை. அக்காவின் பேச்சை நான் மீறுவது இதுதான் முதல் தடவை. அக்கா அசட்டையாக இருக்கவில்லை. தம்பி சொன்னதை நம்பினார்.