நானூற்று எழுபது போரும் இரண்டு பெரியவர்களும்

போன ஞாயிற்றுக்கிழமை வட்டக்கோட்டைக்குப் போயிருந்தேன். போவதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எழுபதைத் தாண்டியும் எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. கோட்டைமேல் ஒருவர் நீளக் குழல் மாட்டிய கேமராவை வைத்துக் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் அதையே பார்ப்பதைக் கண்டு, "நீங்களும் ஒருக்க பாருங்க ஐயா" என்று கையில் கொடுத்தார். எனக்கு எந்தப் பொருளையும் நேராகப் பிடிக்கத் தெரியாது. கடலைப் பார்ப்பதற்குப் பதில் பக்கத்துக் கருங்கல் சுவரைப் பார்த்துவிட்டேன். கண் முழுவதும் கலங்கலான சாம்பல் நிறம். வேறு ஒன்றுமே இல்லை. கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே ஊருக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் என்னைச் சர்க்கார் உத்தியோகஸ்தனாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் நான் ஒரு ரப்பர் தோட்டத்தில் ரைட்டராக இருந்தேன். ஆபீஸ் வேலை பார்க்கிறவனுக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். முப்பதுகளின் தொடக்கம் அது. பூதப்பாண்டியைத் தாண்டி வடக்கே மலையேறிப் போகவேண்டும். என் அக்கா புருஷன் அங்கே மானேஜர். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நாகர்கோவில் வீதிகளை அளந்துகொண்டிருந்த என்னை, "இவனை இப்பிடியே விட்டா காலு தேஞ்சு போவும்" என்று அத்தான்தான் கூட்டிக்கொண்டு போனார். ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் வாசனை உங்களுக்குத் தெரியுமா? புளித்த பாலும் விறகுப் புகையும் சேர்ந்த வாசனை. முதல் நாள் வாந்தி வந்தது. பத்து நாளில் அது இல்லாமல் தூக்கம் வரவில்லை.

போன முதல் வாரமே பெரிய அசடு வழிந்தேன். எங்களுக்குக் காட்டில் துணை வருகிறவர் மாதன் காணி. அந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்களில் ஒருவர். குள்ளமான மனிதர், வெற்றிலை இல்லாமல் பேசமாட்டார். அவர் ஒருநாள் காலையில் ஆபீஸ் வாசலில் நின்று, "பெரியவரு வந்திட்டுப் போனாரு ஏமானே. வாழை அம்பிடும் தின்னாச்சு" என்றார். எங்கள் முதலாளி கோட்டாற்றில் இருந்தார். வயதான வியாபாரி. அவர் மகன் சின்னவர், அவர் பெரியவர். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் பதறிப்போய் அத்தானிடம் ஓடினேன். "அத்தான், மொதலாளி நம்மகிட்ட சொல்லாம வந்து வாழைப்பழம் எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிட்டாராம்!" என்றேன்.

அத்தான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மூக்குக்கண்ணாடி கழன்று மேஜையில் விழுந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மக்கா, காட்டுக்குள்ள ஆனைன்னு சொல்லப்பிடாது. பேரைச் சொன்னா கூப்பிட்டதுன்னு நெனச்சு வந்திருமாம். பெரியவருன்னுதான் சொல்லணும்."

"அப்போ கோட்டாத்துப் பெரியவரு?"

"அவரும் பெரியவருதான். ரெண்டுபேரும் சொல்லாம வருவாவ. வந்தா நமக்கு நஷ்டமாக்கும்."

உள்ளேயிருந்து அக்காவும் சிரித்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அது ஒரு நிரந்தர வேடிக்கை. சாப்பாட்டில் நான் இரண்டாம் முறை சோறு கேட்டால், "பெரியவருக்கு இன்னும் கொஞ்சம் வையி" என்பார் அத்தான்.

வேடிக்கை அதிக நாள் ஓடவில்லை. அந்த ஆனைக்கு ஒரு கொம்பு ஒடிந்திருந்தது. அந்தக் கோடையில் அது வாழையை விட்டுவிட்டு ஆட்களிடம் வந்தது. பால்வெட்டப் போன ஒருவரை ரப்பர் மரத்தின் அடியிலேயே மிதித்துக் கொன்றது. கூலிக்காரர்களின் குடிசைகள் இரண்டைப் பிய்த்துப் போட்டது. பிள்ளைகுட்டிகளோடு ஆட்கள் மலையிறங்கத் தொடங்கினார்கள். திருவிதாங்கூரில் ஆனை சர்க்கார் சொத்து, தொட்டால் ஜெயில். ஆனால் இந்த ஒன்றைச் சுடலாம் என்று சர்க்கார் அனுமதி கொடுத்தது. அனுமதி அத்தான் பெயருக்கு. அதுவரை அவர் சுட்டது காட்டுப்பன்றி, அதுவும் பாதி நாள் தவறிப்போகும். அக்காவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவள் ஒரே பேச்சாகச் சொன்னாள்: "நல்ல தோக்கு வரட்டு. இல்லேன்னா நான் எங்க அம்மைக்க வீட்டுக்குப் போறேன். இந்தப் பிள்ளைக்கு அப்பன் வேணும்."

தோக்கு என்றால் துப்பாக்கி. முதலாளி வாங்கச் சம்மதித்தார். அப்போது ஆரம்பித்தது ஐயா, அத்தானுடைய அவதி. சென்னையிலிருந்து ஒரு துப்பாக்கிக் கடையின் படப்புத்தகம் வந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் நடந்தார். பங்களா வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, சாப்பிடும்போதுகூட எழுந்து நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். எனக்கு இந்த உட்காராத வியாதி அங்கே ஒட்டிக்கொண்டதுதானோ என்னவோ.

போர் என்றால் குழலின் துவாரம். நம்மிடம் இருந்தது பன்னிரண்டு போர். படப்புத்தகத்தில் இருந்ததோ முந்நூற்று எழுபத்தைந்து, நானூற்று எழுபது. "அப்போ இதுக்க வாயி வாளி கணக்கா இருக்குமே!" என்றேன். அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். பன்னிரண்டு என்பது ஒரு ராத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டை பிடிக்கலாம் என்ற கணக்காம். நானூற்று எழுபது என்பது ஓர் அங்குலத்தை ஆயிரமாக வகுத்த கணக்காம். ஆக, பன்னிரண்டின் வாய்தான் பெரியது. அடி பலமாக விழுவது நானூற்று எழுபதில். இது எனக்கு இன்றும் முழுசாகப் புரிந்ததில்லை, உங்களுக்குப் புரிந்தால் சந்தோஷம். நானூற்றைம்பது என்று ஒன்று நன்றாக இருந்ததாம். அந்த அளவுத் தோட்டா பட்டாளத்துப் பழைய துப்பாக்கிகளுக்கும் பொருந்திவிடும் என்று வெள்ளைக்காரன் அதை உள்ளே வரவிடவில்லை.

அப்புறம் அடுத்த குழப்பம். முந்நூற்று எழுபத்தைந்தில் ஒற்றைக் குழல். உள்ளே நாலைந்து தோட்டா இருக்கும், ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் கம்பியை இழுத்துத் தள்ளவேண்டும். நானூற்று எழுபது இரட்டைக் குழல். இரண்டே வெடி, ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக உடனே வெடிக்கலாம். "முதல் வெடி தவறினா கம்பிய இழுக்கதுக்கு அது நேரம் தருமா?" என்பார். நாலடி நடந்துவிட்டு, "ரெண்டும் தவறினா?" என்பார். மாதன் காணிக்கு இந்த விசாரமே இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "எதுக்கு எடை கொறவு ஏமானே? தூக்கப்போறவன் நானாக்கும்."

மூன்றாவது குழப்பம் தூரக்கண்ணாடி. அத்தானுக்குக் கிட்டப்பார்வை. மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் என்னையும் தூணையும் ஒன்றாகப் பார்ப்பார். கண்ணாடிக்குழல் மேலே மாட்டிய துப்பாக்கி என்றால் குறி தவறாது என்று ஆசை. மேல் எஸ்டேட் துரை ஒருவர் அப்படி ஒன்று வைத்திருந்தார். கேட்டதும் பார்க்கக் கொடுத்தார். தொழுவத்துப் பசு வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. தோட்டா இல்லாத துப்பாக்கியைத் தோளில் வைத்து அத்தான் அதைப் பார்த்தார். பார்த்தவர் அசையவே இல்லை. "என்ன தெரியுது அத்தான்?" "ஒண்ணும் தெரியல்ல. சாம்பலா ஒரு சொவரு." எங்களுடையது சாம்பல் நிறப் பசு. நான் வாங்கிப் பார்த்தேன். தலையும் இல்லை, வாலும் இல்லை, கலங்கிய தோல் மட்டும். காட்டில் ஆனை அதைவிடக் கிட்டத்தில்தான் எதிர்ப்படும். தவிர, முதல் சாரலிலேயே கண்ணாடி உள்ளே பூத்துவிடும் என்றார் துரை. அக்கா வராந்தாவில் நின்று, "ரெண்டு ஆம்பளையளுமா சேந்து பசுவையாவது கண்டுபிடிச்சியளா?" என்றாள்.

கடைசியில் இரட்டைக் குழல், நானூற்று எழுபது, கண்ணாடி கிடையாது என்று முடிவாயிற்று. முழுக்க உலோக உறைபோட்ட குண்டு. முனை மெதுவான குண்டு ஆனையின் மண்டையோட்டில் சப்பிப்போய்விடுமாம். சென்னையிலிருந்து ரயிலில் திருநெல்வேலி வந்த பெட்டி, ஆரல்வாய்மொழிச் சவுக்கையில் மாட்டிக்கொண்டது. எல்லைச் சாவடிக்காரர்கள் காகிதம் சரியில்லை என்று கிடப்பில் போட்டார்கள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கால் தரையில் நிற்கமாட்டேன் என்கிறது. அத்தான் சவுக்கைக்கும் தோட்டத்துக்குமாக அலைந்தார். அக்கா ஒவ்வொரு மூங்கில் முறிகிற சத்தத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மழை பிடித்துவிட்டால் காட்டில் தடம் பார்க்க முடியாது.

பெட்டி வந்தேவிட்டது. மரத்தில் அட்டையைக் கட்டிச் சுட்டுப் பார்த்தார். அட்டையில் நடு மத்தியில் பட்டது. அத்தான் பின்னால் உட்கார்ந்துவிட்டார். தோள் கன்றிப்போய், அக்கா வைத்தியர் கொடுத்த குழம்பைத் தடவிவிட்டாள். குழம்பு என்றால் எங்கள் பக்கத்தில் தைலமும்தான், சோற்றில் ஊற்றியதாக நினைக்கவேண்டாம். அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்தது. "இனி எனக்குப் பயமில்ல" என்றாள்.

மறுநாள் முதலாளி துப்பாக்கியைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். சொல்லிவிட்டு வருவது அதுவே முதல் தடவை. காலையிலேயே அத்தான் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மேஜையில் ஃபிளானல் துணி விரித்து வைத்தார். தோட்டாவை எடுத்துவிட்டார், முதலாளி வயசாளி, பார்த்தால் பயப்படுவார் என்று. கோட்டு போட்டுக்கொண்டார். அக்கா காப்பி போட்டு மூடி வைத்திருந்தாள்.

வெயில் ஏறும் நேரம். கீழே வண்டித்தடத்திலிருந்து மாதன் காணியின் குரல் கேட்டது.

"பெரியவரு வாறாரு! பெரியவரு வாறாரு!"

நாங்கள் மூன்று பேரும் எழுந்தோம். ஒருவர்கூட வேறு விதமாக நினைக்கவில்லை. அந்தப் பெயரை வைத்து எத்தனையோ நாள் சிரித்த நாங்கள்தான். அக்கா அத்தானின் கோட்டுக் காலரைச் சரியாக மடித்துவிட்டாள். "சீக்கிரம் போங்க. அவரை வழியில நிக்க வைக்கப்பிடாது" என்றாள். அத்தான் வேகமாகப் படியிறங்கினார். நான் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தடத்தின் வளைவில் மூங்கிலுக்குப் பின்னால் சாம்பல் நிறமாக ஏதோ உயரமாக அசைந்தது. நானும் முதலாளியின் வில்வண்டிக் கூண்டு என்றுதான் நினைத்தேன். அத்தான் புன்னகையோடு இரண்டு கையையும் கூப்பினார்.

மீதியைச் சொல்ல எனக்கு வராது. துப்பாக்கி மேஜையில் கிடந்தது, நான் தோட்டாவைத் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாதன் காணி தலையில் அறைந்துகொண்டு தடத்தில் உருண்டார். அவரை என்ன சொல்வது? காட்டில் எப்படிச் சொல்லவேண்டுமோ அப்படித்தான் அவர் சொன்னார். முதலாளி மத்தியானம் வந்தார், உண்மையாகவே வில்வண்டியில்.

மழை பிடித்தது, அந்த ஆனை மலைக்கு அந்தப் பக்கம் போனது, திரும்பி வரவில்லை. துப்பாக்கியைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு போனது. இப்போது அங்கே பஸ் போகிறது. மூங்கில் இருந்த இடத்தில் டீக்கடை இருக்கிறது என்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. ஆட்கள் இப்போது ஆனையை ஆனை என்றே சொல்கிறார்களாம்.

அக்கா நாகர்கோவிலில் பெண் குழந்தை பெற்று, அதை வளர்த்து, கட்டிக்கொடுத்து, நாற்பது வருஷத்துக்குமேல் இருந்தாள். அவள் இருந்தவரை அந்த வீட்டுக் கதவு லேசில் திறக்காது. பால்காரர் வந்தாலும் சரி, சபைப் போதகர் வந்தாலும் சரி, உள்ளேயிருந்து, "ஆரு?" என்பாள். "நான்தான்" என்றால் போதாது. "நான்தான்னா ஆரு? பேரைச் சொல்லு" என்பாள். பெயரைக் கேட்ட பிறகுதான் தாழ்ப்பாள் விலகும். சொந்தத் தம்பி, குரல் தெரியாதா? தெரியும். ஆனாலும் வெயிலில் நின்று எத்தனை தடவை என் பெயரைச் சொல்லியிருக்கிறேன், எத்தனை தடவை எரிச்சல்பட்டிருக்கிறேன்.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. இப்போது அங்கே அவள் மகள் இருக்கிறாள். கதவு எந்நேரமும் திறந்துதான் கிடக்கும், யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் மட்டும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, என் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போகிறேன்.